கோணல் வில்: மூங்கிலில் தொடங்கி மெல்ல மெல்ல விலகிப் போவது

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒடிந்த வில்கள் 9 கிடக்கின்றன. அடுப்பில் வைக்கச் சொல்லி அம்மா பல தடவை சொல்லிவிட்டார். மனசு வரவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒடிந்த தேதி, ஒடிந்த இடம், அப்போது எவ்வளவு தூரம் இழுத்திருந்தேன் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஒழுங்காக எய்யும் வில்கள் இதுவரை 5 தேறியிருக்கின்றன.

கையால் ஒரு வில் செய்ய ஆசை உண்டு, ஆனால் வழக்கமான வடிவம் போதவில்லை, பிடியைக் கீழே இறக்கினால் என்ன ஆகும், நுனியைக் குச்சி மாதிரி ஒல்லியாக்கினால் என்ன ஆகும் என்று கை பரபரக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தச்சுவேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நானும் ஆசாரி இல்லை.

வினோத வடிவங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். வில்லில் சில இடம் உழைக்கிறது, சில இடம் சும்மா சவாரி செய்கிறது. எந்த இடத்தை உழைக்க விடுவது, எந்த இடத்தில் எடையைக் குறைப்பது என்பதை வைத்துத்தான் எல்லா வடிவமும் பிறக்கிறது. இது கண்ணுக்குப் பிடிபட வேண்டுமானால், முதலில் ஒரு சாதாரண வில்லைச் செய்து முடிக்க வேண்டும். நான் அதைத் தாண்டிக் குதித்தேன். தொட்டிக்குப் பின்னால் கிடப்பதில் முதல் மூன்று அந்தக் கணக்கு.

சில சொற்கள்

வில்லைப் பிடித்து நிற்கும்போது உங்களைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. இழுக்கும்போது முதுகு விரியும், வயிறு நசுங்கும். பிடிக்கு மேலே இருப்பது மேல்கை, கீழே இருப்பது கீழ்கை. நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. நாணைக் கழற்றிய பிறகும் வில் நேராகாமல் வளைந்தே கிடந்தால் அதைக் கூன் என்று சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் கூன் எல்லா வில்லுக்கும் விழும். 2 செ.மீ. என்றால் வில் நலம். 5 செ.மீ. என்றால் வயிறு நசுங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நூல் எடுத்த கதை

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம்தான் இழைப்புளி பிடிக்கக் கற்றேன். வில்லுக்காகப் பிளந்த ஒரு மூங்கில் பட்டை ரொம்ப விறைப்பாக இருந்தது. “எவ்வளவு எடுக்கலாம்ணே?” என்று கேட்டேன். வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஒரு நூல் எடுத்துப் பாரு தம்பி” என்றார்.

ஆசாரிக் கணக்கில் ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், ஏறக்குறைய 3 மி.மீ. அப்படியே எடுத்தேன். 12 மி.மீ. கனம் 9 ஆனது. சாயங்காலம் நாண் மாட்டினால் வில் தொளதொளவென்று இருந்தது. கதவுக்கும் கட்டிலுக்கும் ஒரு நூல் ஒரு பொருட்டில்லை. வில்லுக்கு அது கொலை. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினாலோ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கனத்தை மூன்று முறை பெருக்கிவரும் கணக்கு இது. 12 மி.மீ. 9 ஆனால் மிச்சம் 42 சதவீத விறைப்பு. 12 மி.மீ. 11 ஆனாலே 23 சதவீதம் போய்விடும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஒரே அளவு வளைத்தாலும், கனமான பட்டையின் முதுகும் வயிறும் மெல்லிய பட்டையைவிட அதிகம் பாடுபடும். ஆகவே நிறைய வளைய வேண்டிய இடம் மெல்லிசாகவும் அகலமாகவும், வளையத் தேவையில்லாத இடம் தடிமனாகவும் ஒல்லியாகவும் இருந்தால் நல்லது. கீழே வரும் எல்லா மாற்றமும் இந்த இரண்டு கணக்கிலிருந்து வந்தவைதான்.

மூங்கில் எடுப்பது

மதுரைப் பக்கம் புதியவருக்கு மூங்கிலைவிடத் தோதான பொருள் இல்லை. பந்தல்காரர்களுக்கு மூங்கில் விற்கும் கடைகளில் ஒரு முழுக் கழி வாங்கினால் 4, 5 வில்லுக்குப் பட்டை கிடைக்கும். ஒடிந்தாலும் வயிறு எரியாது.

மூங்கில் மரமில்லை, புல். வெளிப்புறம் வைரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று நம் பழைய இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்று அதற்குப் பெயர். வில் செய்பவருக்கு இதைவிட உபயோகமான இலக்கணம் கிடையாது. மூங்கிலின் நார்கள் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே போகப் போக மென்மை. அதனால் தோல் பக்கம் முதுகாக வர வேண்டும், அதன்மேல் அரமோ கத்தியோ படக் கூடாது. செதுக்குவதெல்லாம் உள்பக்கம், அதாவது வயிற்றில்.

கழியின் அடிப்பாகத்தைக் கேளுங்கள். குறுக்களவு 10 செ.மீ.க்குக் குறையாமல், சுவர் கனம் 15 மி.மீ.யாவது இருக்க வேண்டும். கல்மூங்கில் கெட்டிதான், ஆனால் ஒல்லி. அதில் அகலமான பட்டை வராது. பச்சைப் பசேலென்று இருப்பது இளசு, வேண்டாம். மூன்று வருஷத்துக்கு மேல் முற்றியதைத் தட்டினால் கணீரென்று கேட்கும். தேய்பிறையில் வெட்டியதா என்று ஊர்ப்பக்கம் கேட்பார்கள். கேட்டால் கடைக்காரர் எப்படியும் ஆமாம் என்றுதான் சொல்வார். நான் பார்ப்பது பொடிப்பொடியான ஓட்டைகளைத்தான். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் அது வருகிறது. கண்மாயில் சில வாரம் ஊறப்போடும் பழக்கத்துக்குக் காரணமும் அதுவே.

காட்டு மூங்கில் மேல் கைவைக்காதீர்கள். அழகர்மலைப் பக்கம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது வனத்துறை நிலம். பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலுக்குப் பிரச்சினை இல்லை. வன நிலத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற பட்டியலிலிருந்தே 2017இல் சட்டத் திருத்தம் செய்து நீக்கிவிட்டார்கள். இலக்கணம் சொன்னதைச் சட்டம் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

கழியை வீட்டிலேயே வெட்டரிவாளால் பிளக்கலாம். அரிவாளைக் கழியின் தலையில் வைத்துப் பின்பக்கம் கட்டையால் தட்டினால் கணு கணுவாக டப் டப்பென்று பிளந்துகொண்டே போகும். பட்டைகளை நிழலில், காற்றோட்டமாகக் காய வையுங்கள். கத்திரி வெயிலில் மாடித் தரையில் போட்டால் இரண்டே நாளில் வெடித்துவிடும். காய்ந்ததா என்று தெரிய, சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

சாதாரண வில்

பட்டையின் நீளம் 170 செ.மீ., நடு அகலம் 4.5 செ.மீ. நடுவிலிருந்து கையின் பாதி வரை அதே அகலம், அங்கிருந்து நுனிக்கு 1.5 செ.மீ. ஆகும்படி இரு ஓரங்களையும் சாய்த்து எடுங்கள். வயிற்றைத் தட்டையாக இழைத்துக்கொண்டே வந்து நடுக்கனம் 13 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். தோல் வளைந்திருப்பதால் நடுவில் 13 இருக்கும்போது ஓரத்தில் 8 மி.மீ.தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

கணு வரும் இடத்தில் மட்டும் வயிற்றுப் பக்கம் லேசாக மேடு விடுங்கள். கணுவில் நார்கள் நேராக ஓடுவதில்லை, நெளிந்து ஓடுகின்றன. அது பலவீனமான இடம். நான் அழகுக்காக மட்டமாக இழைத்தேன். 4ஆவது வில்லும் 5ஆவது வில்லும் கணுவில்தான் போயின. வெளிப்பக்கக் கணு விளிம்பு கையை உறுத்தினால் உப்புத்தாளால் மழுப்பலாம், அவ்வளவுதான்.

குதையை வட்ட அரத்தால் இரு பக்கவாட்டிலும் சாய்வாக வெட்டுங்கள். முதுகின் குறுக்கே வெட்டு ஓடக் கூடாது. நாணுக்கு நீளாத பாலியஸ்டர் நூலை முறுக்கிக்கொள்ளுங்கள். நைலான் ரப்பர் மாதிரி இழுபடும். நம் ஊர் வேலியோரம் வளரும் மருள் செடியின் நார் வில்நாணுக்குப் பேர்போனது. பொறுமை இருப்பவர்கள் உரித்துத் திரித்துப் பார்க்கலாம். முதல் வில்லுக்கு அது வேண்டாம்.

இனிதான் உண்மையான வேலை. இரண்டு கையும் சமமாக, படிப்படியாக வளையப் பழக்குவது. காளைக்கன்றைப் பழக்குவது மாதிரிதான், ஒரே நாளில் நடக்காது.

சுவரில் தோள் உயரத்தில் ஒரு கட்டையை அறைந்து, அதன் தலையில் வில்லின் பிடி உட்காரும்படி பள்ளம் வெட்டுங்கள். கீழே தரையோரம் ஒரு கப்பி. தளர்வான நாணை வில்லில் மாட்டி, நடுவில் கயிறு கட்டி, கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். நாணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு தொங்கு தராசு. சுவரில் கரியால் கட்டம் போட்டுவிட்டால் எந்தக் கை எவ்வளவு இறங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். தள்ளி நிற்கச் சொல்வது சும்மா இல்லை. வில் ஒடிந்தால் துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள்.

முதலில் 10 செ.மீ. மட்டும் இழுங்கள். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வில்லை இறக்கி, கோடு போட்ட இடத்தில் மட்டும் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள். இருபது இழுப்பு சுரண்டினால் போதும். மறுபடி மாட்டி, முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். செய்த மாற்றத்தை வில் உடனே காட்டாது. அப்புறம்தான் பாருங்கள். எங்கே அளவுக்கு மீறி வளைகிறதோ அங்கே மட்டும் கைவைக்கவே கூடாது. அதைச் சுற்றியுள்ள இடங்களைச் சுரண்டித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

ஒரு நாள் ஆசாரி மாடிக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டே இழுப்பு. “இங்கிட்டு ஒரு சாண் கட்டை மாதிரி நிக்குது பாரு. அதோட வேலையும் சேர்த்து அங்கிட்டு வாங்குது. அங்கிட்டுத்தான் ஒடியப் போகுது” என்றார். வில்லையே அதுவரை தொட்டதில்லை அந்த மனுஷர். மரத்தைப் பார்த்துப் பழகிய கண்.

தராசு 13 கிலோ காட்டினால் நிறுத்துங்கள். பாதி தூரம்தான் இழுத்திருந்தாலும் சரி, அதற்குமேல் போகக் கூடாது. சுரண்டியபின் அதே 13 கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இறங்கும். இப்படியே இறக்கிக்கொண்டு வர வேண்டும். நுனிகள் ஒரே சீராக ஒரு சாண் தூரம் வந்ததும் நாணைக் குட்டையாக்கி வில்லை ஏற்றுங்கள். முதலில் பிடிக்கும் நாணுக்கும் 8 செ.மீ. இடைவெளி, கடைசியில் 16 செ.மீ. கைவிரல்களை மடக்கிக் கட்டைவிரலை நீட்டினால் வரும் உயரம்தான் அது. 26 அங்குலம் இழுத்தபோது 13 கிலோ என்றால் வேலை முடிந்தது. ஓரங்களை உருட்டி, பிடியில் துணி சுற்றி, எண்ணெயோ வார்னிஷோ பூசி விடுங்கள்.

குறைந்தது ஒரு மாசம் இதை வைத்து எய்யுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே அடித்து அதை ஒடித்துவிடும்.

முதல் விலகல்: கூம்பு

விலகலில் சுலபமானது இது. நடுவில் 5 செ.மீ., நுனியில் 1.2 செ.மீ.; நடுவிலிருந்து நுனிவரை நேர்கோடாகக் குறுகும் இரண்டு நீண்ட முக்கோணங்கள். கனம் மட்டும் முழுக்க ஒன்றே. நாண் நுனியைத்தான் இழுக்கிறது. நுனியிலிருந்து பிடியை நோக்கி வர வர வளைக்கும் பாரம் சீராகக் கூடுகிறது. அகலமும் அதே விகிதத்தில் கூடினால் எல்லா இடமும் ஒரே அளவு வளையும். வில் வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வரும். சவாரி செய்யும் இடம் கையில் மிகக் குறைவு.

மூங்கில் சுவர் இயல்பிலேயே ஏறக்குறைய ஒரே கனம் என்பதால் இந்த வடிவத்துக்கென்றே பிறந்தது போலிருக்கும். வயிற்றில் வேலை கொஞ்சம்தான், பெரும்பாலும் ஓரம் இழைப்பதோடு முடியும். தோலின் வளைவு காரணமாக நுனி கொஞ்சம் விறைப்பாக வரும். அதை அப்படியே விடுங்கள்.

5 செ.மீ. அகலப் பட்டையைக் கையில் பிடிக்க முடியாது என்பதுதான் சங்கடம். பிடியை 3 செ.மீ.யாகக் குறுக்கி, அதற்கு ஈடாக வயிற்றுப் பக்கம் 15 செ.மீ. நீளத்தில் ஒரு மரத்துண்டை அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். துண்டின் இரு முனையும் கத்தி முனை மாதிரிச் சரிந்து முடிய வேண்டும். நான் மொத்தையாக விட்டேன். மூன்றாம் நாள் டப்பென்ற சத்தத்தோடு துண்டு தனியாக வந்துவிட்டது. ஒட்டும்போது இறுக்க இடுக்கி தேட வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் அதைவிட இறுக்கம் எதிலும் கிடைக்காது.

இரண்டாவது: பிடியை இறக்குவது

மூங்கில் பட்டையின் அடிமுனையில் சுவர் கனம், கணுக்கள் நெருக்கம், தலைமுனையில் மெலிவு. அது தானாகவே ஒரு பக்கம் விறைப்பானது. சமமாக்கச் சண்டை போடுவதற்குப் பதில் அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன என்பதுதான் இந்த வடிவம். ஜப்பானிய வில் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம், பிடி கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். அந்தமானில் பட்டையான துடுப்பு மாதிரிக் கைகளோடு, ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்த வில்கள் உண்டு. இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருந்தாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்குப் போகாதீர்கள். 180 செ.மீ. பட்டையில் பிடியை நடுவிலிருந்து 6 செ.மீ. கீழே வையுங்கள். அடிமுனை கீழ்கையாக வரட்டும். கண்ணால் பார்த்து இரண்டு கையையும் ஒரே வளைவாக்க முயல்வது இங்கே தப்பு. குட்டைக் கை அதே தூரத்துக்கு இன்னும் இறுக்கமாக வளைய வேண்டியிருப்பதால் அதைக் கொஞ்சம் விறைப்பாகவே விடுங்கள். சரியா என்று சொல்வது உங்கள் கைதான். இழுக்கும்போது பிடி உள்ளங்கையில் மேலோ கீழோ சாய்ந்தால் ஒரு கை இன்னொன்றை வெல்கிறது. சாயாமல் நின்றால் சரி. பழக்கும் கட்டையில் வைக்கும்போது பிடியை ஒரே புள்ளியில் தாங்குங்கள். அகலமாகத் தாங்கினால் அந்தச் சாய்வை மறைத்துவிடும்.

மூன்றாவது: நெம்புகோல் நுனி

எனக்கு ரொம்பப் பிடித்தது, என்னை ரொம்பப் படுத்தியது. டென்மார்க்கில் ஹோல்மகோர் என்ற சதுப்பு நிலத்தில் 1944இல் எல்ம் மர வில்கள் கிடைத்தன. ஏறக்குறைய 9000 ஆண்டுப் பழசு. அதே நாட்டில், கடலுக்கடியில் மொல்லகாபெட் என்ற இடத்தில் கிடைத்த வேறொரு வில்லில் கை பாதிவரை அகலமாக வந்து, பிறகு சட்டென்று ஒல்லியாகி, தடித்து, குச்சி மாதிரி நீள்கிறது. இந்த இரண்டாவது வடிவத்தையே முதலாவதன் பெயரில் பல வருஷம் செய்துகொண்டிருந்தார்கள் வில் ஆர்வலர்கள்.

வெளிப்பாதி வளையவே வளையாது. உள்பாதி மட்டும் உழைக்கும், வெளிப்பாதி நெம்புகோல். விட்டதும் வில்லின் நுனிதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் போகிறது. வேகம் இரட்டித்தால் அது விழுங்கும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே நுனியில் 5 கிராம் குறைப்பது பிடியருகே 50 கிராம் குறைப்பதைவிட மேல்.

நீளம் 170 செ.மீ.யே இருக்கட்டும். பிடி விறைப்பு, முன்பு சொன்ன மாதிரித் துண்டு ஒட்டியது. ஒவ்வொரு கையிலும் பிடியை ஒட்டிய 45 செ.மீ. உழைக்கும் பகுதி, அகலம் 5 செ.மீ. அடுத்த 8 செ.மீ.யில் மெல்ல மெல்ல 1.6 செ.மீ.க்குக் குறுக்குங்கள். மிச்சம் உள்ளது நெம்புகோல். அதன் வயிற்றில் கெட்டியான மரக்குச்சி ஒன்றை ஒட்டி, மொத்தக் கனம் 20 மி.மீ. ஆக்குங்கள்; நுனியில் 12 மி.மீ.யாக இறங்கலாம். கோடாலிக் காம்புக்கு வாங்கும் கருவேலங்கட்டையில் கிழித்த குச்சி இதற்கு அருமை. ஒட்டும் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தால் இடுக்கில் ஒளி வரக் கூடாது.

உள்பாதியைச் சரியாகப் பழக்கி முடிக்கும்வரை நெம்புகோலை ஒல்லியாக்காதீர்கள். அது கடைசி வேலை. அப்போதும் அகலத்தில்தான் கை வைக்க வேண்டும், கனத்தில் இல்லை. ரொம்ப ஒல்லியானால் பக்கவாட்டில் நெளிந்து நாண் நழுவும், 1 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம்.

என் 7ஆவது வில் இதுதான். மாடியில் சாயங்கால வெளிச்சத்தில் 24 அங்குலம் வந்தது. இரண்டு நுனியும் மாட்டுக்கொம்பு மாதிரி நின்றன, அவ்வளவு அழகு. இன்னும் ஒரு அங்குலம் என்று இழுத்தேன். சத்தம் பெரிதாக வரவில்லை, சடக்கென்று ஒரு முறிவு. முதுகில் ஒரு சிராய் எழும்பியிருந்தது, அகலம் ஒல்லியாக மாறத் தொடங்கும் அதே இடத்தில். அகலம் குறைகிறது, ஒட்டிய குச்சியோ இன்னும் தொடங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு யாரும் காவல் இல்லாத இடம். அடுத்த வில்லில் குச்சியின் சரிவை அகலப் பகுதிக்குள்ளேயே 5 செ.மீ. நீட்டினேன். அது இன்னும் எய்துகொண்டிருக்கிறது.

நெம்புகோல் வில்லை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும்.

ஆசைக்கு ஒரு சீமைக்கருவேலம்

மூங்கில் சலித்தவர்களுக்கு ஊர் முழுக்க இருக்கும் மரம் சீமைக்கருவேலம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னதும், கொஞ்ச நாளில் அதற்குத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டால் இன்னும் நாலு வெட்டிக்கொண்டு போகச் சொல்வார். நேரான 170 செ.மீ. துண்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. 90 செ.மீ. துண்டுகள் இரண்டு எடுத்து, பிடியில் பல்லுக்குப் பல் கோத்து இணைக்கலாம். அந்த இணைப்பை ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். முள் குத்தினால் நாள்கணக்கில் வீங்கும், கெட்டிச் செருப்போடு போங்கள்.

வெட்டிய அன்றே இரு முனையிலும் பெயிண்ட் பூசி, நிழலில் ஆறு மாசமாவது போடுங்கள். என் முதல் துண்டு காய்ந்தபோது திருகிக்கொண்டது. திருகல், நெளிவு இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. நார் எப்படி ஓடுகிறதோ அப்படியே செதுக்குங்கள், நாரை வெட்டி நேராக்காதீர்கள். கை பாம்பு மாதிரி நெளிந்தாலும் நாண் பிடியின் நடுவை ஒட்டி ஓடினால் வில் எய்யும். ஒதுங்கினால் மட்டும் அந்த இடத்தை ஆவியில் வைத்துத் திருப்ப வேண்டும், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில். இட்லிப் பானையில் நான் முயன்றதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கே எய்வது, எப்படி அளப்பது

பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கிழிசல் துணி திணித்த சாக்குகளை அடுக்கி, அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கும்படி எய்யுங்கள். வானத்தைப் பார்த்து எய்ய வேண்டாம். நாகமலை அடிவாரத்தில் மயில் நிறைய. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வில்லும் அம்பும் ஆயுதப் பட்டியலிலேயே இருக்கின்றன, ஆகவே காட்டுப் பக்கம் வில்லோடு போவதையே தவிருங்கள்.

புது வடிவம் பழையதைவிட மேலா என்று மனசைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். அளந்து பாருங்கள். இலக்கிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, காலடியில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். நாண் சத்தத்துக்கும் அம்பு சாக்கில் இறங்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பதிவில் பார்க்கலாம். சாக்கின் சத்தம் உங்களிடம் திரும்பி வர 0.06 விநாடி ஆகும், அதைக் கழியுங்கள். இடைவெளி 0.50 விநாடி என்றால் அம்பு 0.44 விநாடியில் போயிருக்கிறது, விநாடிக்கு 45 மீட்டர். எல்லா வில்லுக்கும் ஒரே அம்பு, ஒரே இழுப்பு தூரம். 13 கிலோ வில்லுக்கு 20 கிராம் அம்பு ஒத்துவரும். ஒவ்வொரு வில்லுக்கும் பத்து அம்பு எய்து சராசரி எடுங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, கூன் எவ்வளவு என்று அப்போதே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை அளந்து எழுதுங்கள். கூன் அதே இடத்தில் வளர்ந்துகொண்டே போனால், அங்கே மரம் அளவுக்கு மீறி உழைக்கிறது.

அளப்பதையும் ஒரே வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மூங்கில் ஈரம் குடித்து இளகும், மாசியில் காய்ந்து விறைக்கும். நான் ஒரு நெம்புகோல் வில்லை ஐப்பசியில் பழக்கி, தராசில் 13 கிலோ பார்த்துத் திருப்தியாகி, ஆணியில் மாட்டினேன். மாசியில் எடுத்து அளக்காமலே முழுக்க இழுத்தேன். தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் 9ஆவது அதுதான்.